கார் கூரையில் காய்ந்த வத்தல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, எதிர்வீட்டுச் செல்லம் அத்தை, அத்தையின் கோழிகள். அக்காவும் இருந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சிரிப்பு வந்துவிட்டதால் தடுக்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

இல்லாதவர்கள்: அப்பாவும் நானும். அப்பா பெரம்பலூரில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரியலூரில், சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சிமென்ட்டைத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு அது மாவுதான்.

நான் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

சாயங்கால பஸ்ஸில் சிறுவாச்சூரில் இறங்கி நடந்து வருகிறேன். தெருமுனையிலேயே வாசனை. சீரகம், பச்சை மிளகாய், வெயிலில் காய்ந்த அரிசிக் கூழ். 'அம்மா வத்தல் ஊத்தியிருக்கு' என்று சந்தோஷமாகத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கே ஊத்தியிருக்கும் என்று நினைக்கவில்லை.

வாசலில் எங்கள் கருநீலக் கார் நின்றது. முன்பக்கத்து மூடியிலும் கூரையிலும் வரிசை பிசகாமல் வட்ட வட்டமாக வெள்ளை வத்தல். ஒரு வைப்பரைத் தூக்கி நிறுத்தி, காக்கா விரட்ட அதில் ஒரு கறுப்புப் பாலிதீன் பை கட்டியிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டுக் கையில் குச்சியோடு செல்லம் அத்தை காவல்.

"அம்மா!" என்று அலறினேன்.

"நல்லா கத்து. காக்கா கிட்ட வராது" என்றது அம்மா.

"இது காரும்மா!"

"நான் என்ன மாட்டு வண்டின்னா சொன்னேன்? நீதான்டா சொன்ன, கஞ்சிய ஊத்துனாலும் ஒட்டாதுன்னு. வெயில்ல நிக்கணும்னும் நீதான் சொன்ன. வெயிலும் ஒட்டாத எடமும் ஒண்ணா கெடைச்சா எவ வுடுவா?"

 

டாக்டர் ஓட்டிய வண்டி

போன வாரம் முதல் சம்பளத்தில் வாங்கிய மிக்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதை அக்கா வாசித்துக் காட்டியபோது அம்மா சொன்னதாம்: "மிக்சிய எழுதிட்டான். கார எழுத மாட்டான் பாரு. எழுதுனா அவன் பேச்சும் வெளிய வரும்ல." அதனால் எழுதுகிறேன்.

கார் புதுசில்லை. திருச்சியில் ஒரு புரோக்கர் மூலமாக வாங்கியது. "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்றார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாமே டாக்டர்கள் ஓட்டியவைதான். எங்கள் வண்டியை ஓட்டியவர் மாட்டு டாக்டராக இருக்கவேண்டும். பின்சீட்டுக்கு அடியில் வைக்கோல் கிடந்தது.

வாங்கிவந்த அன்றே கோயில் வாசலில் பூசை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அம்மா சந்தனத்தைக் குழைத்து மூடியில் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் குங்குமம் வைத்தது. நாலு நாள் வெயில் பட்டதும் அந்தச் சிவப்பு பெயிண்ட்டுக்குள் இறங்கிவிட்டது. வண்டியின் மேல்தோலைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

எனக்கு எதையும் படித்துவிட்டுத்தான் செய்யவேண்டும். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அக்கா எட்டாவது வரைக்கும் போனாள். அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். நான் பாலிடெக்னிக்கில் படித்த வருஷமெல்லாம் ஹாஸ்டலுக்குக் கட்டிய பணம் ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டிலிருந்து வந்தது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. 'பாலிடெக்னிக்' என்று சொல்லாமல் 'என் பாலிடெக்னிக்' என்று மட்டும் சொல்வாள்.

பூசாத வீடு

அக்காவின் கல்யாணம்தான் இந்தக் கதையில் எல்லாம்.

அப்பா கொத்தனார். அவர் பூசி மணியாசுக் கட்டை வைத்துத் தேய்த்த சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் செங்கல் இன்னும் செங்கலாகவே நின்றது. உள்ளே பூசியாயிற்று, வெளியே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். ஒரு வருஷம் என் பீஸ். ஒரு வருஷம் அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன்.

ரஞ்சன்குடிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. காப்பி குடித்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், போகும்போது சுவரைப் பார்த்தார்கள். "வூடு பாதியில நிக்குதேன்னு யோசிக்கிறாங்க" என்று தரகர் வந்து சொன்னார். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அக்கா சாப்பிட்டாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அப்புறம் திருமானூர் வரன். மாப்பிள்ளை செந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே மிஷின் மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டதைக் கேட்டுவிட்டு, "ஒரு திருப்புளி இருக்குங்களா?" என்றார். கழற்றிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பஜ்ஜி சாப்பிட்டார். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அதற்கப்புறம் சத்தமே வராத மிஷினை அவள் நாளுக்கு இரண்டு தடவை துடைத்தாள்.

ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் மாப்பிள்ளையின் அம்மா. முழங்கால் வலி என்று அவர் வரவில்லை. சொல்லி அனுப்பியது இதுதான்: "அவங்க வந்து எங்க வூட்டைப் பாக்கட்டும். எனக்கும் ஆளுங்களப் பாக்கணும். மனசுக்குப் புடிச்சா கை நனைச்சுட்டு போவட்டும்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் கூடுகிற வரைக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சோறு சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம். அந்த அம்மாள் இலை போடுவாரா மாட்டாரா, அதுதான் கேள்வி. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை.

அந்த இடைவெளியில் வீட்டைப் பூச முடியாது. காரையாவது பூசுவோம் என்று இறங்கினேன்.

சிமென்ட்டும் பனியும்

அரியலூரில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். சிமென்ட் லாரிகள் போகிற ரோட்டோரம் ஒரு ராத்திரி வண்டியை விட்டால் போதும். தூசி படியும், விடியற்காலம் பனி இறங்கும், காலையில் வெயில் அடிக்கும். சோதனைக்கூடத்தில் நாங்கள் கஷ்டப்பட்டுச் செய்கிற வேலையை வண்டி மேல் இயற்கை சும்மாவே செய்துவிடும். கெட்டித்துவிடும். துணியால் துடைத்தால் போகாது, கோடு கோடாகக் கிழிக்கும். நானும் ஒரு ராத்திரி அங்கே விட்டிருந்தேன்.

சிமென்ட்டோடு எனக்குப் பழக்கம் இன்று நேற்றில்லை. சின்ன வயசில் சில மூட்டைகள் காகிதத்தில் வரும். அப்பா உள்தாளை உதறி மடித்துக் கொண்டுவருவார். என் நோட்டுப் புத்தகங்களுக்கு அதுதான் அட்டை. பையைத் திறந்தால் சாம்பல் வாசம் வரும், விரல் நுனி வறண்டுபோகும். மற்ற பையன்கள் புத்தகத்தில் மயிலிறகு வைத்தார்கள். என் புத்தகத்தை மழையில் நனைத்திருந்தால் கல்லாகியிருக்கும்.

அப்பா காரைச் சுற்றி வந்து விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"உப்புத்தாளு போட்டு ஒரு இழுப்பு இழுத்தா போயிடும்டா."

"பெயிண்ட்டும் போயிடும்பா."

"போனா என்ன, ஒரு கோட்டு அடிச்சா ஆச்சு."

நான் அப்படிச் செய்யவில்லை. வினிகரில் தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் போட்டு ஊறவைத்தேன். "காருக்கு ஊறுகா போடுறான்" என்றது அம்மா. அப்புறம் இரண்டு பக்கெட் வைத்துக் கழுவினேன். ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசுகிற தண்ணீர். அதுவும் ஊருக்கு வேடிக்கைதான். தெருக்குழாயில் தண்ணீர் வருவதே ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அதற்கு மேல் ஒரு களிமண் கட்டி. ரப்பர் மாதிரி இருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து அதை வண்டி மேல் மெதுவாக ஓட்டினால் பெயிண்ட்டில் குத்திக்கொண்டிருக்கிற துகளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செல்லம் அத்தை கொஞ்ச நேரம் பார்த்தது.

"என்ன தம்பி இது?"

"களிமண்ணு அத்தை."

"வண்டியில இருக்கறது?"

"அதுவும் மண்ணுதான்."

"மண்ண வெச்சு மண்ணத் தேய்க்கத்தான் இவ்ளோ படிச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கோழியைத் தேடிப் போய்விட்டது.

கண்ணீர் அளவு பாட்டில்

பாலிஷ் மிஷினை ஆன்லைனில் வாங்கினேன். மாவு மில் போலச் சத்தம். இரண்டு சாயங்காலம் தேய்த்ததில் குங்குமக் கறை போனது, கோடுகள் போயின, வண்டிக்குள்ளிருந்து கருநீலம் மேலே வந்தது. கிணற்றுத் தண்ணீர் நிறம்.

கடைசியில் கோட்டிங். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து அளவுதான் பாட்டில். விலையை வீட்டில் சொல்லவில்லை. ஒரு சின்னப் பஞ்சுக் கட்டையில் துணி சுற்றி, சில சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவவேண்டும். கொஞ்ச நேரத்தில் வானவில் நிறம் தெரியும். அப்போது துடைத்துவிடவேண்டும். முந்தினால் போய்விடும், பிந்தினால் திட்டாக நின்றுவிடும்.

தூசி ஆகவே ஆகாது. பாதியில் நிற்கிற போர்டிகோவைச் சுற்றி அம்மாவின் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்தேன். அன்றைக்கு மதியம் வரைக்கும் யாரும் கூட்டக் கூடாது, தாளிக்கக் கூடாது, கோழி வரக் கூடாது.

"உள்ள என்ன பிரசவமா நடக்குது?" என்று அப்பா வெளியே நின்று கேட்டார்.

ஒரு கஷ்டம் இருந்தது. நான் அம்மாவைவிட உயரம் கம்மி. முக்காலி மேல் ஏறியும் கூரையின் நடுப்பகுதிக்குக் கை சரியாக எட்டவில்லை. எட்டினவரைக்கும் தடவினேன். கூரையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் தண்ணீர் படாமல் வைத்திருந்தேன். வாரம் முடிந்த புதன்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரை மூடி மேல் ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, ஓடி, விழுந்துவிட்டது. ஈரமே இல்லை. அப்பா குனிந்து அதில் மீசையைச் சரிபண்ணிக்கொண்டார். அம்மா மறுபடி ஊற்றச் சொன்னது. அக்கா தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல கொஞ்சம் கலரா தெரியறேன்டா குணா" என்றாள்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"சேறு ஒட்டாது. பறவை எச்சம் ஒட்டாது. கஞ்சிய ஊத்துனாக்கூட காஞ்சு தானா விழுந்துடும். நாளைக்கு ஒரு நாள் வெயில்ல நின்னா இன்னும் கெட்டியாயிடும்" என்றேன்.

 அம்மா கையை மூடி மேல் வைத்துத் தடவிப் பார்த்தது. துணிக்கடையில் சேலையைத் தடவிப் பார்க்குமே, அப்படி. வத்தல் ஊத்துகிறவர்களுக்கு வாழ்நாள் தொல்லையே அதைப் பழைய வேட்டியிலிருந்து பிய்த்தெடுப்பதுதான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பூ மாதிரி வந்தது

ஆக, வியாழக்கிழமை சாயங்காலம். அடுத்த நாள் காலையில் திருமானூர் போகவேண்டும். நான் வாசலில் தலையில் கை வைத்து நிற்கிறேன்.

"ஒரே வெயில்ல காஞ்சிடுச்சுடா. அடியில தகரம் கொதிக்குதுல்ல" என்றது அம்மா. ஒரு வத்தலின் ஓரத்தை நகத்தால் தொட்டது. அது நழுவி அம்மாவின் கைக்குள் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பூ உதிர்கிற மாதிரி. ஒன்று உடையவில்லை, ஒன்று கிழியவில்லை.

கோபத்துக்கு நடுவிலும் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கோட்டிங் வேலை செய்திருக்கிறது!

கூரையின் நடுவில் கை போனதும் நின்றுவிட்டது. அங்கே இருந்த வத்தல் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கே தடவவில்லையோ சரியாக அந்த இடம், ஓரம் வெட்டின மாதிரி.

"இங்க பூசலையாடா?" என்றார் அப்போதுதான் வந்த அப்பா. கொத்தனாரின் கேள்வி. விட்டுப்போன பூச்சைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

சுரண்டினால் பெயிண்ட் போய்விடும். கூரையை யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படியே விட்டோம்.

அதற்கப்புறம்தான் பாட்டில் அட்டையை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சாப்பாட்டுப் பொருள் படுகிற இடத்தில் பூசக் கூடாது என்று போட்டிருந்தது.

"அம்மா, இதை யாரும் திங்கக் கூடாது. கெமிக்கல். தூக்கிப் போட்டுடு."

"ஒரு படி அரிசிடா!"

"தூக்கிப் போடு."

அம்மா உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மாட்டுக்குப் போட்டுட்டேன்" என்றது.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. இது எனக்கு உறைத்தபோது வண்டி அரியலூரைத் தாண்டிவிட்டது.

மடியிலிருந்த தூக்கு

பின்சீட்டில் அம்மா பட்டுச் சேலையில், மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு உட்கார்ந்திருந்தது. முன்னால் அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில். வழக்கப்படி அக்கா வரவில்லை.

"தூக்குல என்னம்மா?"

"வத்தல்."

"எந்த வத்தல்?"

"அரிசி வத்தல்."

வண்டியை ஓரம் கட்டினேன். "அம்மா, அது விஷமா இருந்தாலும் இருக்கும்மா!"

"நேத்து ராத்திரி நாலு பொரிச்சுத் தின்னேன். சாவலையே? பழமும் ஸ்வீட்டும் எல்லாரும்தான் வாங்கிட்டுப் போவாங்க. நம்ம பொண்ணு கைப்பக்குவம் அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்?"

"ஊத்துனது நீ!"

"அவ ஊத்துனான்னு சொல்லிக்குவோம். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா."

"வண்டிய எடுறா, ராகு காலம் வந்துடும்" என்றார் அப்பா.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் தூக்கு கை மாறிவிட்டது. நான் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அம்மா சொல்லி முடித்துவிட்டது: "எங்க வளர்மதி ஊத்துன வத்தலுங்க."

மாப்பிள்ளையின் அம்மா பெரிய மூக்குத்தி போட்டவர். அதிகம் பேச்சில்லை. ஒரு வத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முந்தானையில் முடிந்துகொண்டார். உள்ளே பார்த்து, "இதையும் பொரிச்சுடுங்க" என்றார்.

பொரிக்கச் சொன்னால் இலை போடப்போகிறார்கள் என்று அர்த்தம். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் தூக்கு போன பக்கத்தையே பார்த்தேன்.

கை நனைத்தது

இலை போட்டார்கள். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு, பாயசம். நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் எங்கள் வத்தல். பொரிந்து, மல்லிகைப்பூ மாதிரி மலர்ந்து, சரியாக மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில்.

சாப்பிடாதீர்கள் என்று சொன்னால் அக்கா கைப்பக்குவத்தை அவள் தம்பியே பழித்ததாகும். சொல்லாமல் விட்டால் சம்பந்தி வீட்டுக்கே நஞ்சு வைத்ததாகும். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

தாம்பாளத்தை என் பக்கம் இழுத்தேன். தின்ன ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டினார். நான் முந்தினேன். சித்தப்பா கை நீட்டினார். அதற்கும் முந்தினேன். மறுசோறு வேண்டாம் என்றேன், ரசம் வேண்டாம் என்றேன், தாம்பாளத்தை மட்டும் விடவில்லை. அம்மா முழங்கையால் இடித்தது.

"மச்சானுக்கு வத்தல்னா உசுரு போலருக்கு" என்றார் செந்தில். குரல் நடுங்கியது. தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது. அக்கா அவருக்கு வண்டியைப் போட்டோ எடுத்து முதல் நாளே அனுப்பிவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"பாவம், வூட்ல குடுக்க மாட்டாங்க போல. இன்னும் பொரி" என்று உள்ளே குரல் கொடுத்தார் மாப்பிள்ளையின் அம்மா.

இரண்டாவது தாம்பாளம் வந்தது. நான் அக்கா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். அதையும் தின்றேன்.

மாடியில்

சாப்பிட்டதும் வீடு பார்க்கக் கூட்டிப்போனார்கள். அடுப்படி, பூசையறை, மோட்டார் ரூம். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக அந்த அம்மாளும் மாடி ஏறினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

மாடியில் ஒரு வேட்டி விரித்து அவர் ஊத்திய வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பாதி வேட்டியோடு ஒட்டியிருந்தது. ஒன்றைப் பிய்த்தார், கிழிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்கள் வத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எங்குளுதுல பாருங்க, வேட்டி நூலு அப்படியே பதிஞ்சிருக்கு. உங்குளுதுல நூலுத் தடமே இல்ல. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுது. எதுல ஊத்துனீங்க?"

அம்மா யோசித்தது. "பாயில."

"பாயில ஊத்துனா கோரைத் தடம் இருக்குமே."

அம்மா முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டது. அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கீழே பார்த்தார். நேர் கீழே எங்கள் கார். வெயிலில் கருநீலக் கூரை பளபளவென்று மின்னியது. கூரையின் நட்டநடுவில் வட்ட வட்டமாக வெள்ளை வத்தல்.

 செந்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கார் மேலங்கம்மா" என்றேன். ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. சிமென்ட் தூசி, வினிகர், களிமண், பாட்டில், பொடி எழுத்து. "அக்கா ஊத்தலைங்க, அம்மாதான் ஊத்துச்சு. சாப்பிடலாமான்னு எனக்குத் தெரியலைங்க. அதான் நீங்க யாரும் சாப்பிடறதுக்குள்ள நானே..."

"ரெண்டு தாம்பாளத்தையும்?"

"ஆமாங்க."

அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு படி அரிசிக் கூழ் காய்ந்திருக்கும்.

அந்த அம்மாள் மறுபடி கீழே எட்டிப் பார்த்தார். "அந்த நடுவுல மட்டும் ஏன் ஒட்டியிருக்கு?"

"அங்க எனக்குக் கை எட்டலைங்க. பூசுன எடத்துல ஒண்ணுகூட ஒட்டலை." இதை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து சொன்னேன்.

அவருடைய மூக்குத்தி முதலில் ஆடியது. அப்புறம் உடம்பெல்லாம் ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தார். "நம்மளக் காப்பாத்த இந்தப் புள்ள விஷத்த ரெண்டு தடவ வாங்கித் தின்னுருக்குடி!" என்று கீழே யாரிடமோ கத்தினார். சிரிப்பு அடங்கியதும் எங்கள் வத்தலை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். ஏக்கம் என்றுதான் சொல்லவேண்டும். "ஆனாலும் எவ்ளோ சுளுவா வந்துருக்கு. என் மாடி முச்சூடும் பூச அந்த மாதிரி எத்தனை பாட்டிலு வேணும் தம்பி?"

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டையே விற்கவேண்டியிருக்கும்.

 அப்பா மாடித் தரையை வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். அங்கிருந்து இங்கே கண்ணாலேயே அளந்தார்.

"பாட்டிலெல்லாம் எதுக்கும்மா? வழவழன்னு வெள்ளை டைல்ஸா பாத்து இந்தக் கிழக்குப் பாதிக்கு நானே ஒட்டித் தரேன். வத்தல் நழுவிக்கிட்டு வரும். தண்ணி தேங்காத மாதிரி வாட்டமும் குடுத்துடறேன்."

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தார். வத்தலை வெளிச்சத்தில் பார்த்தாரே, அதே பார்வை.

"கூலி என்ன கேப்பீங்க சம்பந்தி?"

அம்மா என் கையைக் கிள்ளியது. இன்னும் தழும்பு இருக்கிறது.

"சம்பந்தி வூட்டுல எவனாவது கூலி கேப்பானா?" என்றார் அப்பா. கர்ச்சீப்பை எடுத்து, வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் நான் வண்டியை மூன்று இடத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. அரியலூரில் பார்த்த டாக்டர், கெமிக்கலும் இல்லை ஒன்றும் இல்லை, தின்ற எண்ணெய்தான் என்றார். அவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்று கேட்க நினைத்தேன், முடியவில்லை.

அடுத்த மாதம் அப்பாவும் நானும் திருமானூர் போய் வேலையை முடித்துக் கொடுத்தோம். கலவை சுமந்தது நான். சாமானும் எங்கள் செலவு.

டைல்ஸ், சிமென்ட், மணல், குட்டியானை வாடகை, டாக்டர் பீஸ், எனக்குச் சம்பளம் பிடித்த லீவு, எல்லாம் சேர்த்து, அப்பாவின் கூலியைச் சேர்க்காமல், ஒரு படி அரிசி வத்தலுக்கு ஆன செலவு இருபத்தோராயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.